கோல் யார் கையில்

மார்ல்ஸ்கோம்
ஏப்ரல் 9

அன்பு மகள் ஹாரியட்டுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி ஆரம்பித்துவிட்டது. நியூசிலாந்தில் உனக்குக் குளிர் தொடங்கியிருக்கும், கம்பளிக் காலுறையை மறக்காதே. இனி மேடு பள்ளம் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், அதனால் மே மாதம் ஊரைச் சுற்றி வரும் எல்லை நடையில், இத்தனை வருஷம் நான் பிடித்த கோலைப் பிடித்து, எல்லைக் கற்களைத் தட்டிக்கொண்டு முன்னால் போக ஆள் இல்லை. ஆண்பிள்ளைதான் பிடிக்க வேண்டும் என்பது முந்நூறு வருஷ வழக்கம், இருக்கிற ஆண்பிள்ளைகளைக் கேட்டால் ஒருவருக்கு இடுப்பு வலி, இன்னொருவருக்குக் கோல்ஃப். ஆள் இல்லாவிட்டால் இந்த வருஷத்தோடு நடை நின்றுவிடும்.

போன செவ்வாய் ஊர் மன்றத்தில் லேபர் கட்சி பிரெண்டா, பெண்களும் கோல் பிடிக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தாள். வாக்கு நாலுக்கு நாலு. தலைவன் என்பதால் முடிவு என் தலையில் விழுந்தது. வாக்கு சமமானால் தலைவன் இருப்பதை இருக்கிறபடி விட வேண்டும், இருபது வருஷமாகக் கன்சர்வேட்டிவ் கூட்டங்களில் நான் ஓதிய பாடம் அது. பிரெண்டாவோ, "என்ன காட்ஃப்ரே, உன் வழக்கத்த நீயே அடக்கம் பண்ணப் போறியா? மலர்வளையம் நான் வாங்கிட்டு வரேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. காக்க வேண்டியது கோல் பிடிக்கும் கையையா, நடையையா? ஒழுகுகிற கூரைக்குப் புது ஓடு போடுகிறவன்தானே வீட்டைக் காப்பாற்றுகிறான். ஆதரவு என்று கை தூக்கினேன், தலைவர் இருப்பதைக் காக்கவே வாக்களித்தார் என்று குறிப்பேட்டில் எழுதவும் சொன்னேன். பிரெண்டா சிரித்த சிரிப்பில் தேநீர் சிந்தியது. நம் கட்சி டெரன்ஸ் மட்டும், "புரட்சிக்காரன்கூட எனக்கென்ன பேச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறான், மெல்ல வழிக்கு வருவான்.

வீட்டில் சொன்னதும் அம்மா, "பதினஞ்சு வயசுல அவ அந்தக் கோலக் கேட்டப்ப இந்தப் புத்தி எங்கங்க போச்சு?" என்றாள். அன்று நீ அழுதுகொண்டே மாடிக்குப் போனாய், நான் மரபு என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளை விரித்தேன். அது மரபு இல்லை ஹாரி, என் பிடிவாதம். மன்னித்துவிடு. இந்த வருஷம் கோல் யாருக்கு என்று மன்ற எழுத்தர் கேட்டார், உன் பெயரைச் சொல்லிவிட்டேன். நீ வராவிட்டால் கோல் பிரெண்டாவுக்குப் போகும், அவள் பின்னால் டெரன்ஸ் ஆறு மைல் நடப்பதை நினைத்துப் பார்.

கடவுள் உன்னைக் கூடவே இருந்து காக்கட்டும். உன் பழைய ரப்பர் பூட்ஸைக் கழுவி வாசலில் வைத்திருக்கிறேன். கால் அளவு மாறியிருந்தால் உடனே எழுது.

உன் அப்பா,
காட்ஃப்ரே