நான்கு மழை பார்த்த கூரை

ஆந்தை முகடு தீக்காவல் கோபுரம்
ஜூன் 14

அன்புள்ள தம்பி வெண்டலுக்கு,

நல்லபடியாக மேலே வந்து சேர்ந்தேன். கோபுரத்துக்கு அறுபத்து நான்கு படி. போன வருடம் நடுவில் ஒரு தடவை நின்றேன், இந்த வருடம் மூன்று தடவை. என் முழங்காலுக்கு என்னைவிட வயது கூடிவிட்டது.

கோவேறு கழுதைகளோடு சாமான் கொண்டுவரும் ஹால் கீழே உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். அவர் கிளம்புவதற்குள் இதை முடித்துக் கொடுக்க வேண்டும். விட்டால் அடுத்த தபாலுக்குப் பத்து நாள் ஆகும்.

விஷயத்துக்கு வருகிறேன், முகத்தைச் சுளிக்காமல் படி. அரிசோனாவில் யூமா பக்கம் டிரெய்லர் வீடுகள் வந்து தங்கும் ஒரு முகாமைக் குளிர்காலம் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார்களே, அந்த இடம் எனக்குக் கிடைத்துவிட்டது. வருகிறவர்களுக்கு இடம் காட்ட வேண்டும், கழிப்பறையில் காகிதம் வைக்க வேண்டும், சத்தமாகப் பாட்டுப் போடுகிறவனை அதட்ட வேண்டும். அதட்டுவது எனக்குக் கைவந்த கலை என்று நீயே சொல்வாய். சம்பளம் கிடையாது. தண்ணீரும் மின்சாரமும் வண்டி நிறுத்த இடமும் தருவார்கள். ஒரே நிபந்தனை, அக்டோபர் 15க்குள் சொந்த டிரெய்லர் வீட்டோடு போய் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

உன் அத்தான் ராய் போன பிறகு ஆறு குளிர்காலம் உன் வீட்டுக் கீழறையில் இருந்தேன். ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனால் எனக்கு அறுபத்தொன்பது ஆகிறது. நானே திறந்து நானே சாத்துகிற கதவு ஒன்று எனக்கு வேண்டும், வெண்டல். எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

இங்கே இணையம் இல்லை. நீதான் விளம்பரங்களைப் பார்த்து, பழைய டிரெய்லராக ஒன்று தேடித் தர வேண்டும். ராயின் பிக்கப் வண்டி இழுக்கிற எடையாக இருக்கட்டும். தினமும் மடக்கி விரிக்காத கட்டில் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே கூரை ஒழுகக் கூடாது. நாற்பது வருடம் கூரை போட்டவன் நீ. ஒழுகாத கூரை என்றால் மட்டும் யாரும் பார்க்காத இடத்தில் பென்சிலால் பெயரின் முதல் எழுத்தும் தேதியும் போடுவாயே, இந்தக் கோபுரத்து உத்தரத்தில்கூட இருக்கிறது. எந்த வண்டியில் உன் பென்சில் படுகிறதோ, அதைப் பார்க்காமலே வாங்கிக்கொள்வேன்.

உன் அக்கா,
டார்லா

*

ஒரோஃபினோ
ஜூன் 25

அன்புள்ள அக்காவுக்கு,

வெண்டல் எழுதுவது. நானும் நாயும் நலம். உன் தக்காளிச் செடிகள்தான் நீ போனதிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

பக்கத்து வீட்டு கேரன் கணினியில் விளம்பரப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாள். ஒவ்வொரு வண்டிக்கும் கீழே ஒரு பொத்தான் இருந்தது. அமுக்கினால் இன்னும் படம் வரும் என்று நினைத்து அமுக்கிக்கொண்டே போனேன். அது "இது இன்னும் இருக்கிறதா?" என்று விற்கிறவருக்குச் செய்தி அனுப்பும் பொத்தானாம். பதினோரு பேருக்குப் போய்விட்டது. அன்றைக்கெல்லாம் போன் ஓயவில்லை. மொண்டானாவிலிருந்து ஒருவன், "நாளைக்கே வந்து எடுத்துட்டுப் போயிடுங்க சார், என் பொண்டாட்டி மனசு மாறுறதுக்குள்ள" என்றான். அவன் மனைவி பின்னாலிருந்து, "யார்கிட்ட பேசுற?" என்று கேட்டாள். போன் வைக்கப்பட்டது.

விளம்பர பாஷை பிடிபட ஆரம்பித்திருக்கிறது. 'கொஞ்சம் அன்பு காட்டினால் போதும்' என்று போட்டிருந்தால் தரை போய்விட்டது. 'வேட்டைக்குப் போகிறவர்களுக்கு ஏற்றது' என்றால் உள்ளே எலி குடியிருக்கிறது. 'விலை குறைத்துக் கேட்காதீர்கள், என் பொருளின் அருமை எனக்குத் தெரியும்' என்றால் அவனுக்குத் தெரியாது.

நேற்று க்ரேஞ்ச்வில் போய் ஒன்று பார்த்தேன். படத்தில் மூலையில் ஒரு பெரிய பூந்தொட்டி அழகாக இருந்தது. தொட்டியை நகர்த்திப் பின்னால் சுவரில் கட்டைவிரலை வைத்தேன். சுவர் ஊறிப்போய் விரல் உள்ளே போய்விட்டது. "இந்தச் செடிக்கு நீங்க தண்ணியே ஊத்துறதில்லையோ?" என்று கேட்டேன். அந்த மனிதர் சிரிக்காமல், "ஆமாங்க, வச்ச நாள்லேருந்து ஊத்தினதில்ல. அதுவா வளருது" என்றார்.

உனக்கு ஒழுகுகிற வண்டியை வாங்கித் தர மாட்டேன். அவசரப்படாதே.

உன் தம்பி,
வெண்டல்

*

ஆந்தை முகடு
ஜூலை 6

அன்புள்ள தம்பிக்கு,

பூந்தொட்டிக் கதையை ஹாலுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்த சிரிப்பில் கழுதைகள் மிரண்டுவிட்டன.

இந்த வாரம் இரண்டு புகை பார்த்துச் சொன்னேன். ஒன்று தீ, மற்றொன்று யாரோ ரொட்டி சுட்டது. ஓய்ந்த நேரத்தில் பழைய காகிதத்தில் டிரெய்லரின் தரையைக் கோடு போட்டு வரைகிறேன். இங்கே கட்டில், இங்கே அடுப்பு, ஜன்னலோரம் ராயின் நாற்காலி. தினமும் அழித்து அழித்து வரைகிறேன், நாற்காலியை எங்கே போட்டாலும் கதவில் இடிக்கிறது. இந்த வயதில் இப்படி ஓர் ஆசை வரும் என்று நான் நினைக்கவில்லை.

அவசரப்படாதே என்கிறாய். அவசரம்தான், தம்பி.

டார்லா

*

ஒரோஃபினோ
ஜூலை 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பன்னிரண்டாம் தேதி லூவிஸ்டன் வரை போய்க் கூரை ஆணி வாங்கி வந்தேன். வழியில் வேறு இரண்டு வண்டி பார்த்தேன். ஒன்றில் அச்சு துரு. மற்றதில் பூனை வாடை, பூனையே உள்ளே இருந்தது, இறங்க மறுத்துவிட்டது. சொல்லும்படி எதுவும் இல்லை.

வெயில் கடுமை. தக்காளி காய்த்திருக்கிறது.

வெண்டல்

*

ஆந்தை முகடு
ஜூலை 28

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் இந்த முறை அரைப் பக்கம்தான். உடம்பு சரியில்லையா? மறைக்காதே.

ஹக்கிள்பெர்ரி பழுத்துவிட்டது. ஒரு கரடியும் நானும் முறை வைத்துப் பறிக்கிறோம், காலையில் அது, மதியம் நான். ஹாலிடம் இரண்டு புட்டி ஜாம் கொடுத்தனுப்புகிறேன். ஒரு புட்டி கேரனுக்கு. இரண்டையும் நீயே தின்றுவிடாதே.

இருபத்தைந்தாம் தேதி இடி மேகம் ஒன்று உன் பக்கமாக மேற்கே போனது, குறிப்பேட்டில் எழுதினேன். லூவிஸ்டன் வரை நனைந்திருக்க வேண்டும். நனைந்ததா?

முகாம்காரப் பெண்மணி எழுதியிருக்கிறார். வண்டி கிடைத்துவிட்டதா, எத்தனை அடி நீளம் என்று கேட்கிறார். செப்டம்பர் பத்துக்குள் அவருக்குப் பதில் போக வேண்டும். என்ன எழுதட்டும்?

டார்லா

*

ஒரோஃபினோ
ஆகஸ்ட் 10

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை, நன்றாக இருக்கிறேன். ஜாம் கிடைத்தது. கேரனுக்கும் கொடுத்தேன், நம்பு.

மூன்று வண்டி பார்த்தேன். முதலாவதில் திரைச்சீலை முழுக்க வாத்துப் படம், உனக்கு வாத்து பிடிக்காது. இரண்டாவதில் சமையல் மேடை உனக்கு ஒரு விரல் உயரம் கூடுதல். மூன்றாவதின் நிறம் சரியில்லை. விற்கிறவன் கோபித்துக்கொண்டு, "ஏங்க, நீங்க வண்டி வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?" என்றான்.

இங்கே மழை பெய்தது. லூவிஸ்டனுக்கு மறுபடி போக வேண்டியதாயிற்று. ஆணி போதவில்லை.

முகாம்காரப் பெண்மணிக்கு, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று எழுது.

வெண்டல்

*

ஆந்தை முகடு
ஆகஸ்ட் 24

அன்புள்ள தம்பிக்கு,

வாத்தோடு நான் குடித்தனம் நடத்துவேன் என்று உனக்குத் தெரியாதா? ஓய்வு பெற்ற மனுஷன், எந்தக் கூரைக்கு இத்தனை ஆணி அடிக்கிறாய்?

சரி, போகட்டும். உன்னைக் குறை சொல்லவில்லை. பத்து வாரம் ஊர் ஊராகப் போய் எனக்காகப் பெட்ரோல் எரித்திருக்கிறாய். கிடைக்கவில்லை என்றால் கிடைக்கவில்லை. இந்த வாரம் படியில் ஒரு தடவை கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். அடி இல்லை. எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று, அந்த நேரத்தில் யோசித்தேன். அடுத்த கோடையில் இந்தக் கோபுரத்தை எனக்குக் கொடுக்க மாட்டார்கள். எனக்கென்று ஓர் இடத்துக்கு இனிமேல் ஆசைப்படுவது வீண் வம்பு.

முகாமுக்கு எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். வண்டி அமையவில்லை, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருக்கிறேன். என்னிடம் தபால்தலை தீர்ந்துவிட்டது. நீ ஒட்டிப் போட்டுவிடு. கீழறையைத் திறந்து காற்றாட வை. செப்டம்பர் கடைசியில் வருவேன். சீட்டுக்கட்டை எடுத்து வை, போன வருடம் தோற்றதற்கு உன்னை விடப்போவதில்லை.

வரைந்த காகிதங்களை அடுப்பில் போட்டேன். நன்றாக எரிந்தன.

டார்லா

*

ஒரோஃபினோ
செப்டம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் முகாம் கடிதம் இதோடு திரும்பி வருகிறது. நான்கு நாள் சமையல் மேசையில் கிடந்தது. தபால்தலை வாங்கி வைத்தேன். ஒட்டவில்லை.

நேற்று ஒரு வண்டி பார்த்தேன். லூவிஸ்டனில் ஒரு பள்ளி ஆசிரியரும் அவர் மனைவி பெவர்லியும் விற்கிறார்கள். பத்தொன்பது அடி. கட்டில் கட்டிலாகவே இருக்கிறது, மடக்க வேண்டாம். ஜன்னலோரம் நாற்காலி போட இடம் உண்டு, அளந்து பார்த்தேன், கதவில் இடிக்காது. அடுப்பு எரிகிறது. தரையை முழுக்க மிதித்துப் பார்த்தேன், ஒரு இடத்திலும் அமுங்கவில்லை. குறை ஏதாவது அகப்படுமா என்று தேடிப் பார்த்தேன், அக்கா. ஒன்றும் அகப்படவில்லை.

உனக்காகப் பேசி முடித்துவிட்டேன். முகாம்காரப் பெண்மணிக்கு நானே போன் செய்து பத்தொன்பது அடி என்று சொன்னேன். "உங்கக்கா குரல் பெருசா இருக்குமா? இங்க ஆளுங்கள அதட்ட வேண்டியிருக்கும்" என்றார். "அத பத்தி நீங்க கவலையே படாதீங்க" என்றேன்.

யூமா வரை நானே ஓட்டி வந்து நிறுத்திவிட்டுப் பேருந்தில் திரும்புகிறேன். படியில் பார்த்து இறங்கு. ஹால் கழுதையில் ஏறச் சொன்னால் வீம்பு பிடிக்காமல் ஏறு.

வெண்டல்

*

யூமா
நவம்பர் 4

அன்புள்ள தம்பி வெண்டலுக்கு,

நான் சுகம். நேற்று ஒரு பிரெஞ்சுக்காரனை அதட்டினேன். அவனுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனாலும் பாட்டை நிறுத்திவிட்டான். பக்கத்து வண்டிக்காரி கோனி சோள ரொட்டி கொடுத்தாள். ராயின் நாற்காலி ஜன்னலோரம் சரியாகப் பொருந்திவிட்டது. காலையில் கதவைத் திறந்துவிட்டு அதில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறேன். யாரையாவது எழுப்பிவிடுவேனோ என்ற பயம் இல்லாமல் பாத்திரத்தை டமாரென்று வைக்கிறேன். சந்தோஷமாக இருக்கிறேன், அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முந்தாநாள் மதியம் இங்கே மழை. பாலைவனத்தில் எப்போதோ ஒரு தடவைதான் பெய்யுமாம், பெய்தால் ஊற்றும். கட்டிலுக்கு மேலே இருக்கிற அலமாரியில் ஈரம் இறங்குகிறதா என்று கையை விட்டுத் துழாவினேன். காய்ந்திருந்தது. டார்ச்சை அடித்து உள்ளே எட்டிப் பார்த்தேன். கூரையைத் தாங்குகிற சட்டத்தில் உன் பென்சில் எழுத்து தெரிந்தது.

வெ. ஜூலை 12.
வெ. ஜூலை 26.
வெ. ஆகஸ்ட் 9.
வெ. ஆகஸ்ட் 23.

என் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தேதிக்கும் முந்தின நாள் லூவிஸ்டன் பக்கம் மழை.

பெவர்லிக்குப் போன் செய்தேன். வண்டி எப்படி என்று அவள் கேட்கும் முன், அந்தத் தேதிகள் என்ன என்று நான் கேட்டுவிட்டேன். அவள் சொன்னாள்: "உங்களுக்குத் தெரியாதாக்கா? மொத நாளே முன்பணம் குடுத்துட்டாரு, வேற யாருக்கும் தந்துடாதீங்கன்னு. அப்புறம் மழை விட்டா போதும், ஏணியோட வந்து நிப்பாரு. ஏறுவாரு, பாப்பாரு, ஒழுகலன்னு தெரிஞ்சதும் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இறங்குவாரு. ஒழுகாததுக்கு வருத்தப்பட்ட மனுஷன நான் இப்பதான் பாக்குறேன்னு என் வீட்டுக்காரர் சொன்னாரு."

எனக்குக் கோபம் வந்தது, வெண்டல். அரை நாள் நன்றாகவே வந்தது. படியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க முடியாமல் ஆசையை விட்டேன் என்று உனக்கு எழுதினேனே, அதற்கு முந்தின நாள்தான் நீ நாலாவது தேதியை எழுதியிருக்கிறாய். அந்தக் காகிதங்களை நான் எரித்திருக்க வேண்டியதில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆறாது, அதனால் சொல்லிவிட்டேன்.

அப்புறம் மழை நின்றது. நாற்காலியில் உட்கார்ந்து உன் கடிதங்களையெல்லாம் எடுத்து ஜூனிலிருந்து மறுபடி படித்தேன். வாத்துத் திரைச்சீலை, மேடை உயரம், ஆணி எல்லாம் இருந்தது. நான் தேடின ஒரு வார்த்தை மட்டும் எதிலும் இல்லை. "போகாதே அக்கா" என்று நீ ஒரு தடவை எழுதியிருந்தால் நான் கிளம்பியிருக்க மாட்டேன். அது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆறு வருடம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் நாம். கடிதத்தில் என்னென்னவோ பொய் எழுதினாய். அந்த ஒரு வார்த்தையை மட்டும் எழுதவில்லை. பென்சிலை எடுத்தபோது ஒழுகாத கூரையை ஒழுகாது என்றுதான் எழுதினாய், அதுவும் நாலு தடவை.

உன் வரிகளுக்குக் கீழே நான் ஐந்தாவது வரி எழுதினேன். டா. நவம்பர் 2. என் எழுத்து கோணலாக இருக்கிறது, அலமாரிக்குள் கை எட்டவில்லை.

பிப்ரவரியில் இங்கே இன்னொரு மழை உண்டு என்று கோனி சொல்கிறாள். ஏணி அவளிடம் இருக்கிறது. சாப்பாட்டு மேசையை மடக்கினால் படுக்கை, உன் கால் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். நாயையும் கூட்டி வா. சீட்டுக்கட்டு என்னிடம் இருக்கிறது, கீழறையில் தேடாதே.

உன் அக்கா,
டார்லா