இரண்டும் சேர்ந்த படிப்பு

காஜா பெராங், மலாக்கா
8.3.1959

அன்புள்ள ஷரீஃபுதீன்,

உஜோங் பாசிரில் எல்லோரும் நலம்தானே?

என் மகள் சந்திரமதிக்கு இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. இரண்டிலும் பொறியியலும் வணிகமும் சேர்ந்த இரட்டைப் பட்டம். ஆஸ்திரேலியாவில் முதலில் இயந்திரப் படிப்பு, கடைசி இரண்டு வருடம் வியாபாரம். இங்கிலாந்தில் முதல் வாரத்திலிருந்தே இரண்டும் சேர்ந்து நடக்கும்.

நான் ஆஸ்திரேலியா என்றேன். இயந்திரம் கைக்கு வந்துவிட்டால் வியாபாரம் தானாக வரும் என்று நாம் பிரிந்த அன்றைக்கு நம் பட்டறையில் உன்னிடம் சொன்னதையே அவளிடமும் சொன்னேன்.

"அப்படிச் சொல்லித்தானேப்பா ஷரீஃப் மாமாவ அனுப்பிட்டீங்க? அவருக்கப்புறம் பட்டறைக்கு வேலை புடிச்சிட்டு வர யாரு இருக்கா?" என்றாள்.

லேத் மெஷின் இப்போதும் நன்றாகத்தான் இருக்கிறது, ஓட்டுவதற்குத்தான் வேலை வருவதில்லை.

இங்கிலாந்துப் படிவத்தை நிரப்பிவிட்டோம். பிள்ளையைச் சிறுவயது முதல் அறிந்த, உறவினர் அல்லாத ஒருவர் கையெழுத்திட வேண்டுமாம். அவள் உன் பெயரை எழுதிவிட்டாள். படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தபாலில் திருப்பி அனுப்பாதே, நேரில் கொண்டு வா.

நான் வெளியே போயிருந்தால் உள்ளே உட்கார்ந்திரு. பட்டறைப் பூட்டை நான் மாற்றவில்லை. உன்னிடம் இருக்கும் சாவியே திறக்கும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி