பந்தியில் கடைசி இலை

1973 ஜூலை 9, திங்கள்

வாயை மூடிக்கொண்டு இருந்தது போதும். மன்னார்குடி விவசாய ஆபீசில் என்னோடு வேலை பார்க்கும் குஞ்சிதபாதத்தைப் பற்றி எல்லாவற்றையும் எழுதி மேலிடத்துக்கு அனுப்பப் போகிறேன். பேர் போடாமல்தான். முதலில் இதில் எழுதிப் பார்த்துக்கொள்வது, பிறகு நல்ல தாளில் நகல்.

முதல் குற்றம் இன்று நடந்தது. பயிர் தேறாத களர் நிலத்துக்கு ஜிப்சம் இடுவது பற்றிய கட்டுரை நான் எழுதியது. இரண்டு சாகுபடிக்கு மண்ணை அள்ளி, கரைத்து, வடிகட்டி, கண் எரிய எரிய எழுதியது. விவசாயிகள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து அதை வாசித்தவன் அவன். கைதட்டலும் அவனுக்கு. நான் பரிசோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குழாய் கழுவிக்கொண்டிருந்தேன்.

"நீங்களே வந்து வாசிங்க சார்னு எத்தனை தடவை கூப்பிட்டேன்" என்கிறான். கூப்பிட்டது உண்மைதான். வரமாட்டேன் என்று தெரிந்துதான் கூப்பிட்டான்.

இரண்டாம் குற்றம் பழையது. எழுத இன்று கை வரவில்லை.

ஜூலை 11

1969, ஆகஸ்ட் பதினைந்து. கோயிலில் சமபந்தி விருந்து. அதிகாரிகள், ஊர்ப் பெரியவர்கள், கூலிவேலை செய்யும் எங்கள் ஆட்கள், எல்லோரும் ஒரே வரிசை. அரசாங்கம் நல்ல எண்ணத்தில் வைப்பதுதான். எங்களில் படித்து உத்தியோகத்துக்கு வந்தவன் என்று என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். எதிரே போட்டோக்காரர்.

யாராவது பார்த்தால் எனக்குச் சோறு இறங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படி. அன்று கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. ரசச் சோற்றை எடுத்தால் வாய்க்கு வருவதற்குள் விரலிடுக்கில் ஒழுகியது. மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். பந்தியில் கடைசி ஆள் முடிக்காமல் யாரும் எழுந்திருக்கமாட்டார்கள் அல்லவா, அத்தனை பேரும் கை காய என் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்திலிருந்த குஞ்சிதபாதம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "கொஞ்சம் பொறுங்க. சாருக்குப் பந்தியில உக்காந்து பழக்கமில்ல."

பழக்கமில்லையாம். ஏன் பழக்கமில்ல? எங்கள யாரு பழக விட்டா? கேட்டிருக்கணும். கேக்கல. எலைய மூடிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

அதற்குப் பிறகு கல்யாணம், காதுகுத்து எதற்கும் போவதில்லை. என் மனைவி நீலாம்பாள் தனியாகப் போகிறாள். அவருக்கு ஆபீசில் வேலை என்று சொல்கிறாளாம், ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்குக்கூட.

ஜூலை 16

அக்கா வந்திருந்தாள்.

நான் பிறந்த ஆலங்குழியில் எங்கள் தெரு முழுக்கப் பண்ணை நிலத்தில்தான் இருக்கிறது. குடியிருக்கும் மனை அந்தந்த விவசாயக் கூலிக்கே சொந்தம் என்று சட்டம் வந்து இரண்டு வருடம் ஆகிறது. தெருவில் எல்லோருக்கும் பட்டா வந்துவிட்டது, அம்சம் அக்காவுக்கு மட்டும் நிற்கிறது. பண்ணைக் காரியஸ்தர் ஆட்சேபம் கொடுத்திருக்கிறார். அந்த வீடு கூலிக்காரியுடையது அல்ல, அரசாங்க அதிகாரியான தம்பியுடையது என்று. தம்பி நான்தான். நான் படித்தது அவள் வீட்டுக்கு வினையாக வந்திருக்கிறது. தள்ளுபடியானால் அவள் தெருவில் நிற்க வேண்டும். அத்தானும் இல்லை.

செப்டம்பரில் தாசில்தார் ஊருக்கே வந்து விசாரிக்கிறார்.

"நீ வந்து ஒரு வார்த்த சொன்னா போதும் தம்பி."

"எழுதித் தர்றேன் அக்கா."

"எழுதுனதெல்லாம் வேணாமாம். தம்பிய நேர்ல வந்து எல்லாரு முன்னாடியும் சொல்லச் சொல்லும்மான்னுட்டாரு. ஊரே நிக்கும், பயப்படாத."

ஊரே நிற்கும் என்றதும் எனக்குக் காது அடைத்துவிட்டது. பார்க்கலாம் என்றேன். அவள் பஸ் ஏறும்போது என்னைப் பார்த்த பார்வையை எழுதப் போவதில்லை.

ஜூலை 17

சாப்பிடவில்லை.

ஜூலை 24

நெஞ்சு படபடப்பு நிற்கவே இல்லை. இதயக் கோளாறு என்று முடிவுசெய்து டாக்டர் அமலியிடம் போனேன். ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்திருக்கும் லேடி டாக்டர். குழல் வைத்துப் பார்த்துவிட்டு, "இதயம் உங்களவிட தைரியமா இருக்கு சார். எப்பெப்ப படபடங்குது?" என்று கேட்டார்.

சொன்னேன். பந்தி, மைக், தாசில்தார் எல்லாம். வேறு ஒரு மனிதரிடம் வாய்விட்டுச் சொன்னது இதுவே முதல் தடவை. அவர் சிரிக்கவில்லை.

"இதுக்கு போபியான்னு பேரு. சில பேருக்குப் பாம்பு, சில பேருக்கு உயரம். உங்களுக்கு மனுஷங்க பாக்குறது. கூச்சத்துலேர்ந்து தப்பிச்சு ஓட ஓட அது வளந்துகிட்டே வரும். மாத்திர தரலாம், ஏமாந்துருவீங்க. கொஞ்சம் கொஞ்சமா கிட்டப் போங்க. படபடப்பு ஏறும். ஏறுனா ஓடாதீங்க, அது தானா எறங்குற வரைக்கும் நில்லுங்க. எறங்கும்னு ஒடம்புக்குத் தெரிஞ்சா போதும்."

திரும்பி வரும்போது மனது லேசாக இருந்தது. மண்ணுக்கும் நாங்கள் முதலில் பேர்தான் வைக்கிறோம், உவர் என்றும் களர் என்றும். அப்புறம்தான் எதைப் போடலாம் என்று யோசிப்பது.

ஆகஸ்ட் 2

அப்துல் வஹாப் பாய் கடையில் நான் எப்போதும் பின்னறையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறவன். இன்று நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். பாய் தோசைக்கரண்டியோடு வந்து நின்றார்.

"என்னா சார், செவுத்தோட சண்டையா?"

பாதித் தோசை இறங்கியது. மீதியை அவர் எடுத்துப்போகும்போது நான் பணம் வைத்துவிட்டு வெளியே இருந்தேன். பாதிக்குப் பாதி.

ஆகஸ்ட் 8

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

ஆலங்குழி அக்கரை வயல்களில் மண் எடுக்க நானும் குஞ்சிதபாதமும் போக வேண்டும் என்று உத்தரவு. அவனுக்கு அக்கரை என்றால் எப்போதும் காய்ச்சல் வரும், இல்லாவிட்டால் ஜீப் கெட்டுப்போகும். சோம்பேறித்தனம் என்று என் பட்டியலில் மூன்றாவதாக வைத்திருந்தேன். இன்று தப்ப முடியவில்லை. வாய்க்கால் நிறையத் தண்ணீர். அந்த வயல்களுக்கும் எங்கள் தெருவுக்கும் போக மூங்கில் பாலம்தான், பிடித்துக்கொள்ள ஒரு கழி. நான் பிறந்ததிலிருந்து நடக்கும் பாலம், தாண்டிப்போய் நின்றேன். அவன் பாதி வந்தான். அப்படியே உட்கார்ந்தான். கழியை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"சார்... தண்ணி ஓடல சார். பாலந்தான் ஓடுது."

களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்துவிட்டார்கள். "ஐயா படுக்கப் போறாரு போல, பாயக் கொண்டாங்கடி" என்றாள் ஒருத்தி. வயல் முழுக்கச் சிரிப்பு.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் சொல்லிப் பயனில்லை. நாலு வருடக் கணக்கைத் தீர்க்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவன் சொன்னதை அவனுக்கே திருப்பிக் கொடுத்தேன், அதே மாதிரி, எல்லோருக்கும் கேட்க:

"கொஞ்சம் பொறுங்க. சாருக்குப் பாலத்துல நடந்து பழக்கமில்ல."

சிரிப்பு நின்றுவிட்டது. "அதானா? மொதல்லயே சொல்றதுக்கென்ன. மெதுவா வாங்கய்யா, நாங்க பாக்கல" என்று அந்தப் பெண்ணே முகத்தைத் திருப்பிக்கொண்டு களையெடுக்கக் குனிந்தாள். மற்றவர்களும் குனிந்தார்கள். குஞ்சிதபாதம் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் நன்றி இருந்தது.

அவன் கையைப் பார்த்தேன். ரசச் சோறு எடுத்த என் கை மாதிரியே நடுங்கிக்கொண்டிருந்தது. பாலத்தில் இறங்கிப் போய் அவனருகே நின்றேன். பயப்படாதே என்று சொல்லவில்லை. என்னிடம் எத்தனை பேர் சொல்லியிருக்கிறார்கள், ஒரு பிரயோஜனமும் கிடையாது. "ஏறினது எறங்கும், அதுவரைக்கும் இப்படியே இருப்போம்" என்று மட்டும் சொன்னேன். இறங்கியது. தவழ்ந்துதான் வந்தான். ஆனால் வந்துவிட்டான்.

ஆகஸ்ட் 9

கேட்டுவிட்டேன். அன்றைக்குப் பந்தியில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று.

அவர் விழித்தார். "நேத்து நீங்க எனக்குச் சொன்னீங்களே, அதுக்குத்தான் சார். உங்க கை நடுங்குனத நான் பாத்தேன். பக்கத்து ஆளுங்க முணுமுணுக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஏதாவது சொல்லி நேரம் வாங்கணும்னு தோணுச்சு."

பாதி நம்புகிறேன். அந்த வார்த்தை எங்கள் தெருக்காரன் காதில் எப்படி விழும் என்று அவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் அவர் குடும்பத்தில் யாருக்கும் வந்ததில்லை. அதையும் சொன்னேன். அந்தக் கோபத்தை நான் விடப் போவதில்லை. ஆனால் கோபக்காரனுக்கும் ஒத்தாசைக்கு ஆள் வேண்டும். சாயங்காலம் நான் அவரோடு பாலத்துக்குப் போவது, பிறகு அவர் என் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது என்று பேசிக்கொண்டோம்.

ஆகஸ்ட் 15

சமபந்திக்குப் போனேன். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினேன். உள்ளே இலை போடும் சத்தம் கேட்டது. செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

தோற்றுப்போனேன் என்று நீலாவிடம் சொன்னேன். "செருப்பக் கழட்டுனீங்கல்ல? போன வருசம் சட்டையே மாட்டலியே" என்றாள்.

ஆகஸ்ட் 27

குஞ்சிதபாதம் இன்று தவழாமல் நடந்தார். கண்ணை மூடிக்கொண்டு நடந்ததால் செல்லாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். திட்டிக்கொண்டே மறுபடி நடந்தார்.

கடையில் தெருவைப் பார்த்த மேஜை. முழுச் சாப்பாடு. வஹாப் பாய்க்குப் பொறுக்கவில்லை. "ஒருத்தர் சட்டையெல்லாம் சேறு, ஒருத்தர் சட்டையெல்லாம் ரசம். ரெண்டு பேருக்கும் என்னா வேண்டுதல்?"

வாய்விட்டுச் சிரித்தேன். சாப்பிடும்போது சிரித்தது எப்போது என்று ஞாபகமில்லை.

செப்டம்பர் 12

கூட்டமான நேரம், முன் மேஜை, ரசம். நடுங்கியது. எழுந்திருக்கவில்லை. அப்பளம் வரும்போது நின்றுவிட்டிருந்தது.

செப்டம்பர் 19

நாளை விசாரணை. எழுதி மனப்பாடம் செய்ததைக் கிழித்துப் போட்டேன். மனப்பாடம் செய்தால் முதல் வரி மறந்ததும் எல்லாம் போய்விடும்.

செப்டம்பர் 20, வியாழன்

புளியமரத்தடியில் மேஜை. தாசில்தார், கிராம முன்சீப், கர்ணம், பண்ணைக் காரியஸ்தர். சுற்றி ஊர். அக்கா புடவையை இழுத்துப் போர்த்தி ஓரமாக நின்றாள்.

"ஆபீசர் வீட்டுக்கு எதுக்குங்க மனைப்பட்டா?" என்றார் காரியஸ்தர். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். படபடப்பு ஏறியது, காது அடைத்தது, எதிரே முகம் எதுவும் தெரியவில்லை. ஓடாமல் நின்றேன், அவ்வளவுதான் அப்போது முடிந்தது. நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"சாருக்கு வாய் வரல போல" என்றது காரியஸ்தரின் குரல்.

கூட்டத்தின் பின்னாலிருந்து இன்னொரு குரல். "கொஞ்சம் பொறுங்க." அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை. அவர் வருவார் என்று எனக்குத் தெரியாது. துணையில்லாமல் பாலத்தைத் தாண்டி வந்திருக்கிறார்.

பொறுத்தார்கள். இறங்கியது.

"அந்த வீடு என்னுதில்லீங்க. எங்க அக்காவுது. நான் மன்னார்குடியில வாடகை வீட்டுல இருக்கேன். கோயமுத்தூர்ல நான் படிச்சப்ப அவங்க நடவு நட்டாங்க. நான் ஆபீசரான பிறகும் நட்டாங்க. தம்பி படிச்சா அக்கா கூலிக்காரி இல்லன்னு சட்டத்துல இருக்கா, காட்டச் சொல்லுங்க."

கடைசியில் குரல் உடைந்து கீச்சென்று போயிற்று. யாரோ சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று அந்த நேரத்திலேயே தோன்றியது ஆச்சரியம்.

தாசில்தார் அக்காவைப் பார்த்தார். "இப்பவும் நடவுக்குப் போறீங்களாம்மா?"

"நல்லா கேட்டீங்க போங்க. நேத்து காலையில 'அம்சத்த வரச் சொல்லு, அவ நட்டாத்தான் வரிசை நேரா இருக்கும்'னு ஆள் விட்டதே காரியஸ்தர் ஐயாதாங்க. அவருட்டயே கேளுங்க."

சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. காரியஸ்தர் துண்டை உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். ஆட்சேபம் நிற்காது என்று தாசில்தார் எழுதிக்கொண்டார்.

தெருவில் சமையல் செய்திருந்தார்கள். தாசில்தார் மோர் மட்டும் குடித்துவிட்டு, பாலத்துக்கு அந்தப் பக்கம் நின்ற ஜீப்புக்குப் புறப்பட்டார். முன்சீப்பும் கர்ணமும் மீற முடியாமல் உட்கார்ந்தார்கள். எங்கள் தெருவில் கர்ணம் கை நனைப்பது முதல் தடவை. காலை எப்படி மடக்குவது என்று தெரியாதவர்போல் நெளிந்துகொண்டே இருந்தார். யாரும் அதைச் சத்தமாகச் சொல்லவில்லை.

எல்லோரும் முடித்துவிட்டார்கள். என் இலையில் பாதிச் சோறு இருந்தது. கை லேசாக நடுங்கியது, ஆனாலும் நன்றாகவே சாப்பிட்டேன். கர்ணம் என் இலையைப் பார்த்தார். பக்கத்தில் குஞ்சிதபாதம் காய்ந்த கையோடு மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, மோர் இன்னும் கொஞ்சம்" என்றேன்.

"மெதுவா சாப்புடு தம்பி. யாரும் எங்கயும் போயிட மாட்டாங்க."

அக்டோபர் 8

அக்கா பேருக்குப் பட்டா வந்துவிட்டது. வாசலில் முருங்கைப்போத்து நட்டிருக்கிறாள். இத்தனை நாள் நடாமலே இருந்திருக்கிறாள்.

அக்டோபர் 14, ஞாயிறு

காலையில் ஒரு கல்யாணம், நீலாவோடு போனேன். இரண்டாம் பந்தி. பாயசம் நன்றாக இல்லை. நன்றாக இல்லை என்று தெரிகிற அளவுக்குச் சாப்பிட்டிருக்கிறேன்.

ஜிப்சம் கட்டுரையை அடுத்த கூட்டத்தில் நான் வாசிப்பதாக ஏற்பாடு. முதல் குற்றத்தை நான் மறக்கவில்லை என்று குஞ்சிதபாதத்திடம் சொன்னேன். "மறக்காதீங்க சார், நான் முன் வரிசையில உக்காந்து உங்களையே மொறைக்கிறேன், பழகிக்கங்க" என்றார்.

மத்தியானம் ஜூலைப் பக்கங்களைப் புரட்டினேன். நல்ல தாளில் நகலெடுப்பதாகச் சொல்லியிருந்தேனே, எடுத்தேன். மேலிடத்துக்கு அல்ல. வாசகர்களின் அனுபவத்தைப் போடுகிற ஒரு வாரப் பத்திரிகைக்கு. ரசச் சோறு, மூங்கில் பாலம், டாக்டர் சொன்னது எல்லாம் இருக்கிறது. என்னைப்போல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுகிறவன் எங்காவது இருப்பான், படிக்கட்டும். ஊர் பேரையும் ஆட்கள் பேரையும் எடுத்துவிட்டேன்.

கடைசியில் என் பேரை எழுதினேன். எழுத்து நன்றாக விழுந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கூச்சமில்லை. ஆனால் என் பேரைப் பார்த்தால் மன்னார்குடியில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், பாலத்தில் உட்கார்ந்தவர் யார் என்று.

அந்தத் தாளை மட்டும் எடுத்துவிட்டுப் பேரில்லாமல் திரும்ப எழுதினேன். நாளை ஆபீசுக்குப் போகும் வழியில் தபாலில் போட்டுவிடுகிறேன்.