களமருதூரில் விட்டுச்செல்லப்பட்டவர்

மகனுக்கு,

வேளாங்கண்ணி சேரும்வரை கைப்பேசியைத் தொடுவதில்லை என்பது உன் விரதம். ஆகவே, சைக்கிளில் பின்தொடரும் யாத்திரைக் குழுவிடம் இக்கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

உன் குழுவோடு நடந்து வந்த சூசைநாதன் உளுந்தூர்பேட்டை மருத்துவமனையில் இருக்கிறார். களமருதூர் டீக்கடைப் பெண்மணி அவர் பையில் என் எண்ணைக் கண்டு அழைத்தார்.

"ஒங்க ஆளுங்கதான் கைத்தாங்கலா இட்டுக்கினு வந்து குந்த வெச்சாங்க. நெஞ்சப் புடிச்சிக்கினு இருக்காரேன்னேன். நின்னா கொடியேத்தம் தவறிடும்னு தலைவர் சொல்லிட்டாராம். மாதா பாத்துக்குவாங்கன்னு சப்பரத்தத் தள்ளிக்கினு போயிட்டாங்க. ஏன் சார், நானா மாதா?"

அந்தத் தலைவர் என் மகன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஏழு வயதில் நீ நடக்க முடியாமல் அழுதபோது, உன் நேர்ச்சை தவறக் கூடாதென்று வழி முழுவதும் உன்னைத் தோளில் சுமந்தவர் அவர். நீ அவருடைய மெழுகுவர்த்தியை மட்டும் எடுத்துச் சென்றிருக்கிறாய், அவர் சார்பில் ஏற்றுவதற்காக. அதை அவர் என்னிடம் நன்றியோடு சொல்கிறார். அந்த நன்றியை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

மருத்துவர் கூறியதை இங்கே எழுதப்போவதில்லை. சூசைநாதனின் மனைவியை உடனே வரச் சொல்லியிருக்கிறேன்.

கண் விழிக்கும்போதெல்லாம், "சப்பரம் போயிடுச்சாண்ணா?" என்கிறார்.

"வெளியே நிக்குதுப்பா. ஒனக்காகத்தான் காத்துக்கினு இருக்காங்க" என்கிறேன்.

ஒவ்வொரு முறையும் நம்பி உறங்கிவிடுகிறார். எத்தனை முறை நம்புவார் என்று எனக்குத் தெரியாது. சப்பரத்தைத் திருப்பிக்கொண்டு வா.

உன் தந்தை