அவள் வேண்டுதல், என் முழங்கால்

மார்ச் 9
மகள் ரூயீ போன் செய்தாள். உண்டாகியிருக்கிறாளாம், மூன்று மாதம்! கல்யாணமாகி எத்தனை வருடம் கழித்து. என் மனைவி குய்லான் கண்ணைத் துடைத்துக்கொண்டே என் முழங்காலைப் பார்த்தாள். ஏன்?

மார்ச் 10
குய்லான் போன வருடம் மலையம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டாளாம்: ரூயீ உண்டானால் என் புருஷன் அடிவாரத்திலிருந்து நடந்தே வந்து நன்றி சொல்வார் என்று.
"உன் காலை நேர்ந்துக்க வேண்டியதுதானே?"
"என் கால்தான் தெனம் ஏறுமே. ஏறாத கால் ஏறினாத்தான் அம்மனுக்கு மதிப்பு."
சொன்னதைச் செய்யாவிட்டால் அம்மன் கொடுத்ததைத் திரும்ப எடுத்துக்கொள்வாளாம். காலமெல்லாம் பஸ் ஓட்டி முழங்கால் தேய்ந்தவன் நான், இதையெல்லாம் நம்புகிறவனில்லை. ஆனால் ரூயீ விஷயத்தில் சோதித்துப் பார்க்கத் தைரியமில்லை.

மார்ச் 22
ரோப் காரில் போனால் என்ன என்று கேட்டேன். "போங்களேன். அம்மன் மேலேருந்து பாத்துக்கிட்டுதானே இருப்பா."

ஏப்ரல் 4
ஏறினேன். கை மட்டும்தான் இப்போது வேலை செய்கிறது. செங்குத்துப் படியில் சங்கிலியைப் பிடித்துத் தொங்கினேன். குய்லான் மேலே நின்று வெள்ளரிக்காய் கடித்தபடி, "என்னங்க, பஸ் நின்னுபோச்சா?" என்றாள். குதிகால் செருப்பு போட்ட ஒரு பெண் என்னைத் தாண்டிப் போனாள்.
சன்னிதியில் மண்டியிட்டு நன்றி சொன்னேன். அழுகை வந்தது. உடனே புத்தி குறுக்கே போனது. தாயும் பிள்ளையும் பத்திரமாகப் பிழைத்தால் குய்லான் ஒரு வருடம் மாஜோங் காயாட்டம் ஆடமாட்டாள் என்று நேர்ந்துகொண்டேன்! தினமும் சாயங்காலம் பக்கத்து வீட்டில் ஆட உட்காருகிறவள். படட்டும்.

செப்டம்பர் 19
பேத்தி! இருவரும் நலம். குய்லானிடம் வேண்டுதலைச் சொன்னேன். திட்டவே இல்லை. "வேண்டினா வேண்டினதுதான்" என்று காய்ப்பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டாள்.

நவம்பர் 2
ஒரு மாதம் ரூயீக்குப் பத்தியச் சமையல் செய்துவிட்டு குய்லான் திரும்பிவிட்டாள். சாயங்காலம் முழுக்க என் எதிரில்தான். கடலைத் தோலை ஏன் கீழே போடுறீங்க. டீயை ஏன் அப்படி உறிஞ்சுறீங்க. ஐயோ, சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டேனே!

நவம்பர் 8
பக்கத்து வீட்டில் காய் உருட்டும் சத்தம் கேட்டால் மட்டும் அவள் பேச்சு நின்றுவிடுகிறது. சுவரையே பார்க்கிறாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நவம்பர் 10
மலைக்குப் போனேன். யாரும் சொல்லவில்லை, நடந்தேதான். தாயே, வருடம் முடியும்வரை மாதாமாதம் இந்தக் காலோடு வருகிறேன், அவள் ஆட்டத்தை அவளிடமே விட்டுவிடு என்று கேட்டேன்.
வீட்டில் சொன்னதும், "அம்மன் ஒத்துக்கிட்டாளா?" என்றாள்.
"வேணாம்னு சொல்லலையே."
செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் ஓடினாள். பக்கத்து வீட்டில் காய் உருளுகிறது. கால் நெருப்பாக எரிகிறது. டீயைச் சத்தமாக உறிஞ்சிக் குடித்தேன்.