பெட்டியில் ஒட்டிக்கொண்ட எட்டாம் நம்பர்

மார்ச் 11, செவ்வாய்

விடாத மழை. கொடியில் சன்யுவின் இடுப்புத் துணிகள் ஈரத்தோடு தொங்குகின்றன. இது ஈக் காலம் வேறு. ஈரத் துணியில் முட்டை வைத்துவிட்டுப் போகும். சூடாகத் தேய்த்து முட்டையைக் கொல்லாமல் உடுத்தினால் புழு தோலுக்குள் போய்விடும். பெரியவர்களே அலறுவார்கள், இவள் மூன்று மாதக் குழந்தை.

இஸ்திரிப் பெட்டியைத் தொட்டே அறியாத என் கணவர் லுயிமா இன்று பார்த்துத் தன் கால்பந்துச் சட்டையைத் தேய்த்திருக்கிறார். பருத்திக்கு வைக்கும் சூட்டில். முதுகிலிருந்த எட்டாம் நம்பர் உருகிப் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டது. "முன்பக்கம் நல்லாத்தானே இருக்கு" என்கிறார். இந்த மனுஷனை என்ன சொல்வது?

மார்ச் 12

பெட்டியை வைத்த இடமெல்லாம் கறுப்புப் பிசின். கத்தியால் சுரண்டினால் அடித்தகடு கீறிப்போகும். பக்கத்து வீட்டு நாக்கிட்டோ அக்கா, சூடாக்கி மாத்திரையால் தேய்க்கச் சொன்னாள். கைக்குக் கிடைத்ததை எடுத்துத் தேய்த்தேன். மஞ்சள் கூழ்!

"சன்யு அம்மா, இது மலேரியா மாத்திரைடி. பெட்டியைக் கொசு கடிச்சிடுச்சா? காய்ச்சலுக்குப் போடுற வெள்ளை மாத்திரைய எடு." அவளுடைய கரி இஸ்திரிப் பெட்டியைத் தங்கை வாங்கிப்போயிருக்கிறாளாம். மருந்துக் கடையையும் பூட்டிவிட்டார்கள்.

சாயங்காலம் தேய்த்த துணி தீர்ந்துபோச்சு. குழந்தை நனைந்து கத்துறா. கொடியிலிருந்து ஒன்றை உருவி, உதறி அவளுக்குப் போட்டுவிட்டேன். ஒரு தடவைதானே –

ஏன் போட்டேன்?

மார்ச் 13

வெள்ளை மாத்திரை வந்தது. பெட்டி நன்றாகச் சூடானதும் மாத்திரையை இடுக்கியில் பிடித்து அழுத்தித் தேய்த்தேன். நாற்றம் தாங்கவில்லை, ஆனால் பிசின் இளகியது. பழைய துணியால் துடைக்கத் துடைக்க நம்பர் துண்டு துண்டாக வந்தது. இப்போது பெட்டியில் முகம் பார்க்கலாம். சன்யுவின் துணி மட்டும் ஒரு மலை தேய்த்தேன். மற்றவை நாளைக்கு; இன்றைக்குப் பெட்டி சன்யு துணிக்கு மட்டும் என்று லுயிமாவிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 16, ஞாயிறு

சன்யுவின் தொடையில் ஒரு கட்டி. சிவப்பு.

ஐயோ, நான் பண்ணினதுதான். லுயிமாவிடம் சொல்ல வாய் வரல.

மார்ச் 17

சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். கட்டியின் மேல் வாஸலின் தடவினோம். புழு இருந்தால் மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தோம். ஒன்றும் வரவில்லை.

நாக்கிட்டோ அக்காவைக் கூப்பிட்டேன். அழுத்திப் பார்த்தாள். "நடுவுல புழு மூச்சு விடுற ஓட்டையே இல்லையே. எறும்பு கடிச்சதுடி. உன் அழுகையிலதான் பிள்ளை பயந்து கத்துது."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மார்ச் 20, வியாழன்

கட்டி வற்றிவிட்டது. தொடை பழையபடி மொழுமொழு என்று இருக்கிறது. தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

புழு வந்தது லுயிமாவுக்குத்தான், அதுவும் உட்காருமிடத்தில். போன வாரம் உள்ளாடையைக் கொடியிலிருந்து எடுத்து அப்படியே போட்டிருக்கிறார். "பெட்டி சன்யு துணிக்கு மட்டும்னு நீதானே சொன்ன?" இன்று குப்புறப் படுக்கவைத்து, வாஸலின் தடவி, பிதுக்கி எடுத்தேன். நாக்கிட்டோ அக்கா வாசலில் நின்று சிரித்துத் தீர்த்தாள்.

அவர் பல்லைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "நல்லவேளை, இது எனக்கு வந்துச்சு."

இன்று அவருடைய உள்ளாடைகளையும் தேய்த்து மடித்து வைத்தேன்.