பீரோவில் பூட்டிய மெஷின்

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

ஃபோனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதி, மெஷினோடு வண்டியில் அனுப்புகிறேன். உன் வார்டிலிருந்து எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்த இரண்டு சளி உறிஞ்சும் மெஷினையும் சரிபார்த்துவிட்டேன். பழுதுச் சீட்டில் “ஓடலை” என்று ஒரே வார்த்தை. நான் என்ன ஜோசியனா? இழுக்கவில்லையா, சத்தம் மட்டும் வந்ததா, ஏதாவது எழுதக் கூடாதா? பழுதே இல்லை, தாயே! ஜாடி வழிய வழிய விட்டிருக்கிறீர்கள். வடிகட்டி நனைந்து அடைத்துக்கொண்டது. முக்கால் ஜாடி வந்ததும் கொட்டச் சொல்.

பட்டியலில் மூன்று மெஷின். மூன்றாவது எங்கே? போன மாதம் நான் நேரில் வந்தபோதும் கண்ணில் காட்டவில்லை. “அது நல்லாத்தான்டா இருக்கு, ஸ்டிக்கரைக் குடுத்துட்டுப் போ” என்றாய். நானும் மடையன் மாதிரி ‘சரிபார்த்தது’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அத்தானை விசாரித்ததாகச் சொல்.

உன் தம்பி

மார்ச் 9

அன்புத் தம்பிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஆரம்பிக்க நினைத்தேன். உன் கடிதத்தைப் படித்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. நாற்பது படுக்கைக்கு மூன்று நர்ஸ். உட்கார்ந்து சீட்டு எழுத எனக்கு நேரம் எங்கே?

மூன்றாவது மெஷின் பத்திரமாக இருக்கிறது. பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை நானே வைத்திருக்கிறேன். வெளியே விட்டால் பக்கத்து வார்டுக்காரிகள் “அஞ்சே நிமிஷம் சிஸ்டர்” என்று தூக்கிக்கொண்டு போவார்கள். அப்புறம் நான் எங்கே போய்த் தேடுவது? வந்து ஏழு மாதமாகியும் புதுக்கருக்கு மாறவில்லை. உன் ஸ்டிக்கரையும் ஒட்டிவிட்டேன்.

உன் அத்தானுக்கு வருத்தம். வந்தும் வீட்டில் சாப்பிடாமல் போனாயாம்.

அக்கா

மார்ச் 12

அக்கா,

தலையில் அடித்துக்கொண்டேன். அதென்ன நகையா, பீரோவில் வைத்துப் பூட்ட? கரண்ட் போனால் ஓடுவதற்கு உன் வார்டில் அது ஒன்றில்தான் பேட்டரி இருக்கிறது. ஏழு மாதம் சார்ஜ் போடாத பேட்டரி செத்தே போயிருக்கும். இதைப் படித்த கையோடு வெளியே எடுத்துச் சுவரில் சொருகு. எப்போதும் சொருகியபடியே இருக்கட்டும். பச்சை விளக்கு வராவிட்டால் அடுத்த வண்டியில் அனுப்பு. பார்க்காமல் கொடுத்த என் ஸ்டிக்கரைப் பிய்த்து எறி.

கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

மார்ச் 21

தம்பி,

எடுக்கத்தான் நினைத்தேன். நாளைக்கு, நாளைக்கு என்றே போய்விட்டது. நேற்று காலை பத்தரைக்குக் கரண்ட் போனது. பன்னிரண்டாம் படுக்கைக்காரருக்குத் தொண்டையில் சளி அடைத்து முகமெல்லாம் நீலம். ஓடிப்போய்ப் பீரோவைத் திறந்து, புதிதாக வந்த நர்ஸிடம் மெஷினைக் கொடுத்தேன். அது அசையக்கூட இல்லை. அவள்தான் மாடிக்கு ஓடி, காலால் மிதிக்கும் பழைய பம்பைத் தூக்கி வந்தாள். ஆள் பிழைத்துவிட்டார். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார்.

மெஷின்களுக்குச் சார்ஜ் போடும் முறை அவளுடையதாம்; போடாதது அவள் தவறு என்று விசாரணை வைத்திருக்கிறார்கள். வேலை போய்விடும் என்று பேச்சு. இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்ப்பவள். நான் வாயே திறக்கவில்லை. உன்னைக் கேட்டால், நீ பார்த்தபோது நன்றாக ஓடியது என்று மட்டும் சொல்லிவிடு. நாம் இரண்டு பேரும் தப்பித்துக்கொள்ளலாம்.

அக்கா

மார்ச் 23

அக்கா,

மெஷினைப் பார்க்காமலே ஸ்டிக்கர் கொடுத்தேன் என்று விசாரணைக் குழுவுக்கு இன்று எழுதிப் போட்டுவிட்டேன். எனக்கு என்ன ஆகுமோ, ஆகட்டும். பீரோவைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. அதைச் சொல்ல வேண்டியவள் நீ.

உன்மேல் இவ்வளவு கோபம் எனக்கு வந்ததே இல்லை.

தம்பி

மார்ச் 30

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் குழுவில் வாசித்தார்கள். என் பெயர் வருமா, வருமா என்று உட்கார்ந்திருந்தேன். கடைசிவரை வரவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, பீரோவில் பூட்டியது, நீ எச்சரித்தது, நான் கேட்காதது எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வார்டுப் பொறுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். உனக்குக் கண்டனக் கடிதம் வரும். அந்தப் புது நர்ஸின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “நீங்க உண்மையைச் சொல்லுவீங்கன்னு நான் நினைக்கவே இல்ல சிஸ்டர்” என்றாள். நன்றியோடுதான் சொன்னாள். பத்தொன்பது வருஷம் வேலை பார்த்து நான் சம்பாதித்த பேர் அதுதான்.

இந்த மாதம் நீ வர வேண்டாம். உன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அக்கா